வேரா கேட்ட கேள்வியும் மார்க்ஸ் எழுதிய பதிலும்

நம் ஊரில் மார்க்சிய வகுப்புக்குப் போன யாரைக் கேட்டாலும் முதல் நாள் கரும்பலகையில் எழுதிப்போட்ட அந்த வரிசையைச் சொல்லிவிடுவார்கள். ஆதிப் பொதுவுடைமை, அடிமைச் சமூகம், நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம், அப்புறம் சோசலிசம். மனித குலமே இந்த ஏணியில்தான் ஏறி வந்திருக்கிறது, எந்த நாடும் நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது என்று தோழர் விளக்குவார், நாங்கள் நோட்டில் குறித்துக்கொள்வோம். அது ஒரு பெரிய தெம்பைத் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அதற்கு ஒரு படி இருக்கிறது, கடைசியில் எல்லாம் ஒரே திசையில்தான் போகிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் தெம்பு வராது?

இந்த ஐந்து படிகளை இதே வடிவில் உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1938இல் ஸ்டாலின் பெயரில் வந்த, இயங்கியல் பொருள்முதல்வாதம், வரலாற்றுப் பொருள்முதல்வாதம் பற்றிய கட்டுரை. அதற்கு முன்னால் மார்க்சே 1859இல் எழுதிய ஒரு முன்னுரையில் ஆசிய, பண்டைய, நிலப்பிரபுத்துவ, நவீன முதலாளித்துவ உற்பத்தி முறைகள் என்று ஒரு வரிசையைச் சொல்லியிருக்கிறார். 1867இல் மூலதனம் முதல் பாகத்தின் முன்னுரையில், தொழிலில் முன்னேறிய நாடு பின்தங்கிய நாட்டுக்கு அதன் எதிர்காலத்தைத்தான் காட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே ஏணிக்கு ஆதாரமே கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எல்லா நாடும் கட்டாயம் இப்படித்தான் போயாக வேண்டுமா என்று ஒரு பெண் மார்க்சுக்கே கடிதம் எழுதிக் கேட்டார், மார்க்ஸ் பதிலும் எழுதினார். அந்தப் பதில் 43 வருஷம் அச்சுக்கு வரவில்லை. கம்யூனிசத் தத்துவத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற ஆவணம் எது என்று கேட்டால், கம்யூனிஸ்ட் அறிக்கையைக்கூட அப்புறம்தான் சொல்வேன், முதலில் இந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன்.

கேட்டவர் வேரா ஜசூலிச். 1849இல் ஸ்மோலென்ஸ்க் பகுதியில், நொடித்துப்போன ஒரு சிறு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதிலேயே சிறை, அப்புறம் நாடுகடத்தல். 1877 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் சிறையில், கவர்னர் டிரெபோவ் எதிரே வந்தபோது தொப்பியைக் கழற்றவில்லை என்பதற்காக பொகலியூபொவ் என்ற அரசியல் கைதிக்குக் கசையடி கொடுத்தார்கள். வேராவுக்கு அந்தக் கைதியைத் தெரியாது. மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தார், யாரும் எதுவும் செய்யவில்லை. 1878 ஜனவரியில் மனு கொடுக்க வருகிறவரைப் போல வரிசையில் நின்று டிரெபோவைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கீழே போட்டார். ஓடவில்லை, அங்கேயே நின்றார். டிரெபோவ் காயத்தோடு பிழைத்துக்கொண்டார். சுட்டதை வேரா மறுக்கவே இல்லை, ஆனாலும் நடுவர் குழு அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது, நீதிமன்றத்துக்கு வெளியே மறுபடி கைது செய்ய வந்த போலீசிடமிருந்து கூட்டம் அவரைக் காப்பாற்றி அனுப்பிவைத்தது. அப்புறம் சுவிட்சர்லாந்து.

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1881 பிப்ரவரி 16ஆம் தேதி ஜெனீவாவிலிருந்து மார்க்சுக்குக் கடிதம் எழுதியபோது அவருக்கு வயது 31, அதற்குள் தன் வாழ்க்கையையே பணயம் வைத்துப் பார்த்தவர், ஒரு ஆய்வு மாணவியின் சந்தேகத்தை அவர் கேட்கவில்லை.

கேள்வி ரஷ்ய கிராமத்தைப் பற்றியது. ரஷ்ய விவசாயிகள் தங்கள் கிராம சமூகத்தை மீர் என்று சொல்வார்கள், படித்தவர்கள் ஒப்ஷினா என்று எழுதுவார்கள். அங்கே உழுகிற நிலம் தனி ஆள் சொத்து கிடையாது, கிராமத்துக்குப் பொது. சில வருஷங்களுக்கு ஒருமுறை கிராம சபை கூடி, குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்து நிலத்தைத் திரும்பப் பங்கு போடும். நல்ல மண், மோசமான மண், தூரத்து நிலம், பக்கத்து நிலம் எல்லாம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வர வேண்டும் என்று மெல்லிய கீற்றுகளாகப் பிரிப்பார்கள், ஆகையால் ஒரே குடும்பத்தின் நிலம் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும். வீடும் அதைச் சுற்றிய தோட்டமும் மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். மேய்ச்சல் பொது. 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்தபோது ஜார் அரசு இந்த மீரை அப்படியே வைத்துக்கொண்டது, அதுவும் பாசத்தினால் இல்லை. விடுதலைக்கு விலையாக விவசாயிகள் 49 வருஷம் தவணை கட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள், அந்தத் தவணையை கிராமம் மொத்தமாகச் சேர்ந்து கட்டும் பொறுப்பு மீரின் தலையில் விழுந்தது.

ரஷ்யப் புரட்சியாளர்களில் விவசாயிகளை நம்பிய நரோத்னிக்குகள் இந்த மீரைப் பார்த்து, பொதுவுடைமைக்கான வித்து நம் மண்ணிலேயே இருக்கிறதே, நாம் ஏன் இங்கிலாந்துக்காரன் பட்ட பாட்டையெல்லாம் பட்டுத்தான் வர வேண்டும் என்று கேட்டார்கள். எதிர்த் தரப்பு, இது செத்துக்கொண்டிருக்கிற பழைய வடிவம், சரித்திரம் இதை அழித்தே தீரும் என்றது. வேரா இதைத்தான் எழுதினார். இது எங்கள் கட்சிக்கு வாழ்வா சாவா என்கிற கேள்வி, எங்கள் தனிப்பட்ட வாழ்க்கை எந்தத் திசையில் போகும் என்பதும் இதில்தான் இருக்கிறது என்று தொடங்கி, இரண்டு வழியையும் நறுக்கென்று பிரித்து வைக்கிறார். மீருக்கு எதிர்காலம் உண்டு என்றால், அதை வரிச்சுமையிலிருந்தும் அதிகாரிகளின் அடாவடியிலிருந்தும் விடுவிப்பதற்கு எங்கள் முழு பலத்தையும் செலவழிக்க வேண்டும். அழியத்தான் போகிறது என்றால், ரஷ்ய விவசாயியின் நிலம் முதலாளி கைக்குப் போக எத்தனை பத்தாண்டு ஆகும், மேற்கு ஐரோப்பா அளவுக்கு முதலாளித்துவம் வளர எத்தனை நூற்றாண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இல்லை.

அப்புறம் அவர் எழுதியதுதான் என்னைப் பிடித்து நிறுத்திய இடம். மீர் அழியும் என்று பேசுகிறவர்கள் தங்களை மார்க்சியவாதிகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அவர்களுடைய பலமான வாதமே ‘மார்க்ஸ் சொல்லியிருக்கிறார்’ என்பதுதான். மூலதனத்தில் எங்கே சொல்லியிருக்கிறார், அதில் ரஷ்யாவைப் பற்றிப் பேச்சே இல்லையே என்று கேட்டால், பேசியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்கிறார்கள். ஆகவே நீங்களே சொல்லுங்கள், ஒரு சின்னக் கடிதமாகவாவது எழுதுங்கள், மொழிபெயர்த்து ரஷ்யாவில் வெளியிடுகிறோம் என்று கேட்கிறார்.

1881இல் மார்க்ஸ் உயிரோடு இருக்கும்போதே ‘மார்க்ஸ் சொல்லியிருக்கிறார்’ என்பது வாயடைக்கிற வாதமாக ஆகிவிட்டிருந்தது. அப்புறம் நூறு வருஷத்தில் எத்தனை நாட்டில், எத்தனை கமிட்டிக் கூட்டத்தில் இதே வாக்கியம் எத்தனை பேர் வாயை அடைத்தது என்று நினைத்துப் பாருங்கள்.

மார்க்ஸ் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லாத ஆள் கிடையாது. 1869 கடைசியில், ஐம்பது வயதைத் தாண்டியபிறகு, ரஷ்யத் தொழிலாளர் நிலைமையைப் பற்றி ஃபிளெரோவ்ஸ்கி எழுதிய புத்தகத்தைப் படிப்பதற்காகவே ரஷ்ய மொழி கற்க ஆரம்பித்தவர். மூலதனத்துக்கு வந்த முதல் வெளிநாட்டு மொழிபெயர்ப்பே ரஷ்ய மொழியில்தான், 1872இல் 3000 பிரதி போட்டார்கள். ஜாரின் தணிக்கை அதிகாரி, இது கடினமான புத்தகம், ரொம்பப் பேர் படிக்க மாட்டார்கள், படித்தாலும் புரியாது என்று அனுமதி கொடுத்துவிட்டார். ஒன்றரை மாதத்தில் 900 பிரதி விற்றது. மார்க்ஸ் இறந்தபின் வீட்டைப் பார்த்த நண்பர் எங்கெல்ஸ், ரஷ்யப் புள்ளிவிவரப் புத்தகங்கள் மட்டுமே இரண்டு கன மீட்டருக்கு மேல் இருந்தன என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். இரண்டாம் மூன்றாம் பாகத்தை முடிக்காமல் மனிதர் ஏன் இழுத்துக்கொண்டே போனார் என்பதற்கு அந்தக் குவியலும் ஒரு காரணம் என்று எங்கெல்சுக்கு வருத்தம் இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1877இல் மிகைலோவ்ஸ்கி என்ற ரஷ்ய எழுத்தாளர், மார்க்சின் கொள்கைப்படி ரஷ்யா முதலாளித்துவத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று எழுதியதைப் பார்த்து, மார்க்ஸ் பத்திரிகைக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதினார், ஆனால் அனுப்பவில்லை. அதில் ரோம் நாட்டு உதாரணம் வருகிறது. பண்டைய ரோமில் சொந்த நிலம் வைத்து உழுதவர்களிடமிருந்து நிலம் பறிபோனது, ஒரு பக்கம் பெரிய நிலவுடைமையும் இன்னொரு பக்கம் பெரிய பணமும் குவிந்தது. இங்கிலாந்தில் இதே சேர்க்கை கூலித் தொழிலாளியை உண்டாக்கியது, ரோமில் வேலையற்ற கும்பலைத்தான் உண்டாக்கியது, பக்கத்திலேயே அடிமை உழைப்பு வளர்ந்தது. ஒரே மாதிரி நிகழ்ச்சி, வேறு வேறு சூழல், வேறு வேறு முடிவு. மேற்கு ஐரோப்பாவில் முதலாளித்துவம் பிறந்த கதையை நான் எழுதினால், அதை எல்லா மக்களுக்கும் தலையில் எழுதிவைத்த பொதுப்பாதை ஆக்கிவிடுகிறார்களே என்று அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். இதைப் படித்தபின் கரும்பலகை ஏணியை அப்படியே நம்புவது எனக்கு முடியாமல் போனது.

சரி, வேராவுக்கு வருவோம். பதில் எழுத மார்க்சுக்கு மூன்று வாரம் ஆனது. நரம்பு உபாதை என்று கடிதத்தில் காரணம் சொல்கிறார், அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அந்த மூன்று வாரத்தில் அவர் செய்த வேலை காகிதத்தில் இருக்கிறது. நான்கு வரைவு, எல்லாம் பிரெஞ்சில். முதல் வரைவு பக்கம் பக்கமாக ஓடுகிறது, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், அடித்து அடித்து எழுதுகிறார். கடைசியில் அனுப்பியது ஒரு பக்கம்.

அந்த வரைவுகளில் இருப்பது ஒரு மனிதர் யோசிப்பதன் சத்தம். மேற்கு ஐரோப்பாவில் நடந்தது என்ன? ஒரு வகைத் தனியுடைமை இன்னொரு வகைத் தனியுடைமையாக மாறியது: சொந்த உழைப்பில் இருந்த சின்னச் சொத்து போய், அடுத்தவன் உழைப்பில் நிற்கிற பெரிய சொத்து வந்தது. ரஷ்யாவில் பொதுச் சொத்தையல்லவா தனிச் சொத்தாக மாற்ற வேண்டும், அதை எப்படி அதே விதி என்று சொல்வது? அடுத்து, ரஷ்யா தனியாக ஒரு தீவில் இல்லை. நீராவி இயந்திரம், ரயில், கப்பல் இதையெல்லாம் கொண்டுவர ரஷ்யா மேற்கைப் போல நூற்றாண்டுக்கணக்கில் அடைகாத்துக்கொண்டா இருந்தது? மேற்கில் பல நூறு வருஷத்தில் உருவான வங்கியும் கடன் கம்பெனியும் பங்குச் சந்தையும் கண்மூடித் திறப்பதற்குள் ரஷ்யாவுக்கு வந்துவிட்டதே என்று கேட்கிறார். முதலாளிக்குச் சாதகமான விஷயத்தில் படி தாண்டலாம், விவசாயிக்குச் சாதகமான விஷயத்தில் மட்டும் படிப்படியாகத்தான் வர வேண்டுமா? கேள்வியை இவ்வளவு பச்சையாக அவர் வைக்கவில்லை, ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

மீரை அவர் கும்பிடவும் இல்லை. அதற்குள்ளேயே இரண்டு முகம் இருக்கிறது என்கிறார். நிலம் பொது, ஆனால் உழவும் விளைச்சலும் குடும்பம் குடும்பமாகத் தனி. அந்தத் தனி உழைப்பிலிருந்து மாடு, பணம் என்று அசையும் சொத்து சேர்கிறது, அதைக் கிராமம் பங்கு போட முடியாது, அங்கேதான் பணக்காரன் முளைக்கிறான், உள்ளேயிருந்து அரிப்பு தொடங்குகிறது. ஆகவே முடிவு எந்தப் பக்கமும் போகலாம், எல்லாம் சூழலைப் பொறுத்தது என்கிறார். இன்னொரு பலவீனம், ஒவ்வொரு மீரும் தன் எல்லைக்குள் அடைந்து கிடக்கிறது, பக்கத்து ஊரோடு தொடர்பில்லை, அப்படி உதிரியாகக் கிடக்கிற ஊர்களுக்கு மேலேதான் ஒரு மத்திய சர்வாதிகாரம் சுலபமாக ஏறி உட்காருகிறது. இதற்கு அவர் சொல்கிற மருந்து ரொம்பச் சாதாரணமானது: வோலஸ்த் என்ற அரசு வட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிராமங்களே தேர்ந்தெடுத்து அனுப்புகிற விவசாயிகள் சபையை வைக்க வேண்டும். ஏர் உழுகிறவன் தேர்ந்தெடுக்கிற சபை, பொருளாதாரத்தையும் நிர்வாகத்தையும் அதுவே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் சோவியத் கிராமத்தில் நடந்ததை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் மனசு கனத்துப்போகிறது.

இரண்டாம் வரைவில் ஒரு வாக்கியம், நீங்கள் சொல்கிற அந்த ரஷ்ய மார்க்சியவாதிகள் யாரென்றே எனக்குத் தெரியாது என்கிறார். அதே வரைவின் முடிவில், ரஷ்ய மீரின் உயிருக்கு ஆபத்து சரித்திர விதியாலும் இல்லை, எந்தக் கொள்கையாலும் இல்லை, அரசின் ஒடுக்குமுறையாலும், விவசாயியின் செலவிலேயே அந்த அரசு வளர்த்துவிட்ட முதலாளிகளின் சுரண்டலாலும்தான் என்று எழுதுகிறார். இதை நான் தத்துவத்தில் ஒரு பெரிய அடியாகப் பார்க்கிறேன். ஒரு கிராமம் அழியும்போது இது விதி, இது வளர்ச்சி என்று சொல்வது எல்லோருக்கும் சௌகரியம், யார் பேரையும் சொல்ல வேண்டியதில்லை. மார்க்ஸ் பேரைச் சொல்கிறார். முதல் வரைவில் இன்னும் நேராக, ரஷ்ய மீரைக் காப்பாற்ற ரஷ்யப் புரட்சி வேண்டும் என்கிறார்.

1881 மார்ச் 8ஆம் தேதி லண்டனிலிருந்து போன கடிதத்தில் இந்தச் சூடெல்லாம் இல்லை. மூலதனத்தில் சொன்ன சரித்திரக் கட்டாயம் மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டும் என்று பிரெஞ்சுப் பதிப்பிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். மீர் பிழைக்கும் என்பதற்கோ பிழைக்காது என்பதற்கோ அந்தப் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் மூல ஆவணங்களைத் தேடி நான் தனியாகச் செய்த ஆய்வில், ரஷ்யச் சமூகம் புத்துயிர் பெறுவதற்கு மீரே ஆதாரப்புள்ளி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன் என்கிறார் மார்க்ஸ். அதற்கு முதலில் நாலா பக்கமும் அதைத் தாக்குகிற கேடுகளை நீக்க வேண்டும், அது தானாக வளர்வதற்கு வேண்டிய சாதாரண நிலைமை அமைய வேண்டும். அவ்வளவுதான். ஏன் இவ்வளவு சுருக்கினார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். முடிவாகாத ஒன்றைக் கட்டளை மாதிரி எழுதி அனுப்ப அவர் விரும்பவில்லை என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கடிதம் போய் ஐந்தாவது நாள், மார்ச் 13ஆம் தேதி, நரோத்னயா வோல்யா (மக்கள் விருப்பம்) என்ற புரட்சி அமைப்பினர் பீட்டர்ஸ்பர்க்கில் குண்டு வீசி ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைக் கொன்றார்கள். அதன்பின் அடக்குமுறை, தூக்கு. 1882 ஜனவரியில் கம்யூனிஸ்ட் அறிக்கையின் ரஷ்யப் பதிப்புக்கு மார்க்சும் எங்கெல்சும் முன்னுரை எழுதியபோது ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள்: ரஷ்யப் புரட்சி மேற்கில் தொழிலாளர் புரட்சிக்கு அறிகுறியாகி இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்தால், ரஷ்யாவின் பொது நிலவுடைமை கம்யூனிச வளர்ச்சிக்குத் தொடக்கமாக இருக்கலாம். அடுத்த வருஷம் மார்ச்சில் மார்க்ஸ் இறந்துபோனார்.

மொழிபெயர்த்து வெளியிடுகிறோம் என்று கேட்டு வாங்கிய கடிதம் வெளியாகவில்லை. 1883இல் ஜெனீவாவில் பிளெக்கானவ், அக்செல்ராத், வேரா எல்லோரும் சேர்ந்து உழைப்பு விடுதலைக் குழுவைத் தொடங்கினார்கள், ரஷ்ய மார்க்சியத்தின் தாய் அமைப்பு அதுதான், அந்தக் குழுவின் அடிப்படை நிலைப்பாடே மீர் அழியும், முதலாளித்துவம் வரும், தொழிலாளி வர்க்கம் வளரும் என்பது. 1911இல் ரியாசனவ் என்ற ஆய்வாளர், மார்க்சின் மருமகன் லஃபார்க் வீட்டில் இருந்த காகிதங்களில் அந்த வரைவுகளைக் கண்டெடுத்துவிட்டு, அப்படி ஒரு கடிதம் வந்ததா என்று பிளெக்கானவிடமும் வேராவிடமும் கேட்கிறார். நினைவில்லை என்று பதில் வருகிறது. அசல் கடிதம் 1923இல் அக்செல்ராத்தின் காகிதங்களுக்குள் கிடைத்து, 1924இல் அச்சானது. வேரா 1919இலேயே பெத்ரோகிராடில் இறந்துவிட்டார். ரியாசனவை 1931இல் கைது செய்தார்கள், 1938இல் சுட்டுக் கொன்றார்கள். ஏணியை அச்சடித்த அதே 1938.

வேராவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்வா சாவா என்று கேட்டு வாங்கிய பதிலை முப்பது வருஷத்தில் மறந்துபோகும் அளவுக்கு ஒரு இயக்கம் தன் நிலைப்பாட்டுக்குள் போய்விடும் என்பதுதான் பயமாக இருக்கிறது. வேரா கடைசியில், லெனினின் போல்ஷிவிக்குகளுக்கு எதிரணியான மென்ஷிவிக்குகளோடு நின்றார், 1917 அக்டோபர் புரட்சியை எதிர்த்தார். ரஷ்யா இன்னும் சோசலிசத்துக்குப் பழுக்கவில்லை என்பது மென்ஷிவிக்குகளின் வாதம், அதாவது படி தாண்டக் கூடாது. இன்னொரு பக்கம் இத்தாலியில் சோசலிஸ்ட் எழுத்தாளர் கிராம்ஷி, போல்ஷிவிக்குகள் செய்தது மார்க்சின் மூலதனத்துக்கு எதிரான புரட்சி என்று மகிழ்ச்சியோடு எழுதினார். இரண்டு தரப்பும் மூலதனத்தை ஏணியாகவே படித்தன, ஒருவர் அதற்குக் கட்டுப்பட்டார், ஒருவர் அதை உடைத்ததைக் கொண்டாடினார்.

மீர் என்ன ஆனது? 1906இல் பிரதமர் ஸ்டொலிபின் தனிப் பட்டா கொடுத்து அதை உடைக்கப் பார்த்தார், பாதி வேலைகூட முடியவில்லை. 1917இல் பண்ணையார் நிலத்தைப் பிடுங்கிப் பங்கு போட்டது பெரும்பாலும் இதே மீர்தான், தனியே பிரிந்து போனவர்களையும் பல ஊர்களில் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. 1920களில் ரஷ்ய விவசாய நிலத்தில் மிகப் பெரும்பகுதி மீரின் கையில் இருந்தது. மார்க்ஸ் வரைவில் கேட்ட நிலைமை, பண்ணையார் இல்லை, தவணை இல்லை, புரட்சி முடிந்துவிட்டது, என்று ஒரு பத்து வருஷம் கையில் கிடைத்தது. 1929 குளிர்காலத்தில் நகரத்திலிருந்து ஆட்களை அனுப்பி, தானியத்தைப் பிடுங்கி, குலாக் (பணக்கார விவசாயி) என்று முத்திரை குத்திக் குடும்பம் குடும்பமாக சைபீரியாவுக்கு ஏற்றி, கூட்டுப்பண்ணையை மேலிருந்து திணித்தார்கள். விவசாயிகள் மாட்டை ஒப்படைப்பதைவிட வெட்டித் தின்பதே மேல் என்று வெட்டினார்கள். 1930இல் மீர் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1932-33 பஞ்சத்தில் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் வோல்கா பகுதியிலும் பல லட்சம் பேர் செத்தார்கள். சோசலிசம் என்ற பேரில், கிராமத்தில் பொதுவாக இருந்த ஒரே அமைப்பைக் கலைத்தார்கள். கம்யூனிசத்தின் குற்றம் என்று இதை எதிரிகள் சொல்லும்போது வேறு நாட்டுக் குற்றங்களைப் பட்டியலிட்டுச் சமாளிக்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இதில் நமக்கு நேராகப் படுகிற ஒரு இடம் உண்டு. 1853இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் இந்தியாவைப் பற்றி எழுதிய மார்க்ஸ், நம் கிராம சமூகங்களை கீழைச் சர்வாதிகாரத்தின் அடித்தளம் என்றார், சாதியால் கறைபட்டவை என்றார், அவற்றை உடைத்த இங்கிலாந்து எவ்வளவு கேவலமான நோக்கத்தோடு செய்தாலும் தன்னையறியாமல் சரித்திரத்தின் கருவியாக இருந்தது என்றார். 1881 வரைவில் அதே மனிதர், இந்தியாவில் பொது நிலவுடைமையை ஒழித்தது வெறும் ஆங்கிலேயக் காட்டுமிராண்டித்தனம், அது மக்களை முன்னே தள்ளவில்லை, பின்னேதான் தள்ளியது என்கிறார். அதே காலத்தில், முன்பு இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்த ஃபியர் எழுதிய, வங்காள, இலங்கைக் கிராமங்களைப் பற்றிய புத்தகத்துக்குக் குறிப்பு எடுக்கிறார். அந்த ஊர் அமைப்பை நிலப்பிரபுத்துவம் என்று ஃபியர் சொல்கிற இடத்தில், கழுதை என்று திட்டியே வைத்திருக்கிறார். ஐரோப்பாவின் படியை இங்கே ஒட்டாதே என்ற எரிச்சல்.

அப்படியென்றால் நம் பக்கத்துக் கிராமத்தில் பொதுவாக என்ன இருந்தது? தொண்டை மண்டலத்திலும் தஞ்சாவூரிலும் மிராசு ஊர்கள் இருந்தன. ஊர் நிலம் மொத்தமும் இத்தனை பங்கு என்று கணக்கு, குடும்பத்துக்கு ஒரு பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு. கரையீடு என்ற வழக்கத்தில் சில வருஷங்களுக்கு ஒருமுறை எந்தப் பங்குக்கு எந்த நிலம் என்று மாற்றிப் போட்டுக்கொள்வார்கள், நல்ல தண்ணீர்ப் பாய்ச்சல் ஒருவனிடமே தங்கிவிடக் கூடாது என்பதற்காக. மீரைப் பற்றிப் படித்துவிட்டு இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சென்னைக் கலெக்டராக இருந்த, திருக்குறள் ஆர்வலராக நாம் அறிந்த எல்லிஸ்தான் 1818இல் மிராசு உரிமையைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். அப்புறம் மன்றோவின் ரயத்துவாரி முறை வந்து துண்டுக்குத் துண்டு ஆளுக்கு ஆள் பட்டா எழுதியது, கரையீடு மெல்ல மெல்ல மறைந்தது.

ஆனால் பங்கு யாருக்கு இருந்தது? பிராமணக் குடும்பங்களுக்கும் வேளாளக் குடும்பங்களுக்கும். சேற்றில் இறங்கி உழுத பறையர், பள்ளர் மக்கள் பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்தார்கள், அவர்களுக்குப் பங்கு கிடையாது, ஊர் என்ற கணக்கிலேயே அவர்கள் சேரி என்று வெளியே வைக்கப்பட்டார்கள். ரஷ்ய மீரிலும் பல இடத்தில் ஆண் தலையை எண்ணித்தான் நிலம், பெண்ணுக்குத் தனியாகப் பங்கில்லை, சபையில் பேசுவதும் குடும்பத் தலைவர்கள்தான். மார்க்சின் வரைவுகள் இந்த இடத்தை லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகின்றன என்பது என் வருத்தம். பொது என்று சொல்லும்போது அந்தப் பொதுவுக்குள் யாரை எண்ணினார்கள் என்று கேட்காமல், பொது நிலத்தைப் புரட்சிக்குத் தொடக்கப்புள்ளி என்று நம் மண்ணில் நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு ஆதாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. மார்க்சின் கடிதம் போய்ப் பத்து வருஷம் கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். பட்டா முறை வந்தபிறகும் ஊர்த் தரிசுக்கு யார் விண்ணப்பம் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை, ஆகவே நிலமற்றவர்கள் தரிசு நிலம் கேட்டாலும் மிராசுதார் வந்து மறித்துவிட முடிந்தது என்று அதில் இருக்கிறது. பொது நிலத்தின் பங்காளிகள் அந்தப் பொதுவை வைத்தே அடுத்தவனுக்குக் கதவை அடைத்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கி 1892இல் வந்த பஞ்சமி நில உத்தரவுக்குப் பின்னால் இந்த அறிக்கை நிற்கிறது. பெரும்பாலும் கைமாறிப் போய்விட்ட அந்த நிலங்களை மீட்கிற போராட்டம் இன்றைக்கும் நடக்கிறது.

இப்போது எல்லிசையும் திரெமென்ஹீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர்கள் யார் வீட்டிலாவது பழைய மிராசுப் பங்குக் கணக்கோ கரையீட்டுச் சீட்டோ இருந்தால், அல்லது அந்த ஊர்ச் சேரியில் தரிசு நிலத்துக்காக மனுப் போட்ட கதை தாத்தா பாட்டி வாயிலாக வந்திருந்தால், எனக்குச் சொல்லுங்கள். இரண்டாவது வகைதான் இன்னும் அதிகமாக வேண்டும், ஏனென்றால் முதல் வகையை எழுதிவைக்க அந்தக் காலத்திலேயே கணக்குப்பிள்ளை இருந்தார்.